கடைசி ஆள் யாரு?

தொப்பி பறந்தபோது எலிகியோ லாரியின் தகரத்தை ஓங்கித் தட்டியிருக்கலாம். ஓட்டுநர் நிறுத்தியிருப்பார். நல்ல பனையோலைத் தொப்பி, பல வருடம் தலையிலேயே கிடந்த தொப்பி. ஆனால் நிறுத்தினால் நேரம் போகும்.

"போனா போ, சனியனே!" என்று தொப்பியிடம் சொல்லிவிட்டு, கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை நான்கு மணிக்கு பயாமோ நகரத்துக் கல்யாண மாளிகையில் அவருடைய ஒரே மகள் லியுட்மிலாவுக்குத் திருமணம். எலிகியோ இருப்பதோ மலையில், காபித் தோட்டங்களுக்கு நடுவே. அங்கிருந்து பயாமோவுக்கு வருகிற லாரிகளில் எது கிளம்பும், எது பாதி வழியில் படுத்துக்கொள்ளும் என்று அந்த லாரிகளுக்கே தெரியாது. அதனால் மனிதர் இதுவரை எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. மகளின் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவுக்கு மறுநாள் போனார். பட்டமளிப்பு விழாவுக்குப் போனபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். நிச்சயதார்த்த விருந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு, ஆடி, களைத்து, அவரவர் ஊருக்கே போய்விட்டார்கள். சம்பந்திகளில் ஒருவர் முகத்தைக்கூட எலிகியோ இன்னும் பார்த்ததில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் லியுட்மிலா பேசினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையே என்றிருந்தது அவருக்கு.

"அப்பா, நாலு மணிக்கு நீ வாசல்ல நின்னா உன் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போவேன். நீ இல்லைன்னா ஒஸ்மானி கையைப் பிடிச்சுக்கிட்டுப் போவேன். அவ்வளவுதான்."

ஒஸ்மானி அவள் அம்மாவின் இரண்டாவது கணவர். நல்ல மனிதர். பழைய ரஷ்யக் கார் ஒன்று வைத்திருக்கிறார். எல்லா விழாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். எலிகியோவுக்கு அந்த மனிதர்மேல் கோபம் ஏதும் கிடையாது. கார்மேல்தான் கோபம்.

"லாரி நிக்கிற இடத்துக்கு ஆள் அனுப்பட்டுமாப்பா?"

"எதுக்கு? எனக்கென்ன கண்ணு தெரியலையா? ஆளு கீளு அனுப்பினே, கெட்ட கோபம் வந்துடும் பாத்துக்க."

அதனால்தான் இன்று விடிவதற்கு முன்பே எழுந்து முதல் லாரியைப் பிடித்தார். பக்கத்து வீட்டுக்காரரின் கோட்டைக் கடன் வாங்கிப் பையில் மடித்து வைத்திருந்தார். புதுச் செருப்பு, அதாவது ஷூ, மாட்டியிருந்தார். போட்டோவில் எடுப்பாக இருக்கட்டும் என்று, ஊரில் அவருக்கு முன்னால் அவர் மீசைதான் வரும் என்று பேர் வாங்கிய அந்த மீசையைக்கூட மழித்துவிட்டார். மேலுதட்டில் காற்றுப் படும்போதெல்லாம் கை தானாக அங்கே போனது.

அதிசயமாக லாரி எங்கேயும் படுக்கவில்லை. பத்து மணிக்கெல்லாம் பயாமோ எல்லையில் இறக்கி விட்டுவிட்டது. எலிகியோவுக்கே நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் இறங்கியவரிடம், "இது பயாமோதானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

சாலையோரத்தில் நிழற்கூரை. அதன் கீழே பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு பிளாஸ்க்கைச் சுற்றி நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். "முதல் லாரியிலயா? நடக்கிற காரியமா!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டை. வாசனைத் தண்ணீர் மணம் சாலை வரைக்கும் வந்தது. நகரத்துக்காரர்கள் பஸ் ஏறுவதற்கே இப்படிச் சிங்காரித்துக்கொள்கிறார்களே என்று எலிகியோ நினைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர்களில் நாலு பேர் சேர்ந்து நின்றால் அது வரிசை. வரிசை என்றால் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பது இல்லை. அந்தப் பைத்தியக்காரத்தனம் எங்களிடம் கிடையாது. வந்ததும், 'கடைசி ஆள் யாரு?' என்று உரக்கக் கேட்க வேண்டும். ஒரு கை உயரும். அந்த முகத்தை மனப்பாடம் செய்துகொண்டு எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம், தூங்கலாம், சண்டை போடலாம். அந்த முகத்துக்கு அடுத்தது நம் இடம். அடுத்து வருகிறவர் கேட்டால் நாம் கையைத் தூக்க வேண்டும். என்ன கிடைக்கிற வரிசை என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம், முதலில் இடம்.

எலிகியோவும் கேட்டார். "கடைசி ஆள் யாரு?"

தலை முழுக்க முடி சுருட்டுகிற பிளாஸ்டிக் உருளைகளை மாட்டி, மேலே ஒரு வலைத்துணி கட்டியிருந்த பெண்மணி ஒருவர் பழக்கதோஷத்தில் சட்டென்று கையைத் தூக்கினார். "நான்தாண்ணே. எனக்கு முன்னாடி அந்த நீலச் சட்டைக்காரர். அவர்தான் எங்க எல்லாருக்கும் தலைவர்."

நீலச் சட்டைக்காரர் காபிக் கோப்பையை உயர்த்தி வணக்கம் சொன்னார். அந்த அம்மாள் பேர் சொரைதா, அவர் பேர் அரிஸ்டிடெஸ் என்பதெல்லாம் பேச்சுவாக்கில் தெரிந்தது. எலிகியோ தன் பேரைச் சொல்லவில்லை. பயணத்தில் தெரியாதவர்களிடம் பேர் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை.

பத்து நிமிடத்தில் இன்னொரு குரல். "கடைசி ஆள் யாரு?"

"நான்தான்!" என்று பெருமையாகக் கையைத் தூக்கினார் எலிகியோ.

வந்தவர் நெரெய்தா. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஓய்வுபெற்ற செய்தி அவர் குரலுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. எலிகியோவின் முகத்தை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை அளந்தார். "சரி. உங்க மூஞ்சியை நெனப்பு வெச்சிக்கிட்டேன். எங்கேயும் போயிடாதீங்க."

அதற்குப் பிறகு மளமளவென்று ஆள் சேர்ந்தது.

வெயில் ஏறியது. ஒன்றும் வரவில்லை. அன்றைக்குப் பார்த்துக் குதிரைகளுக்கு லாடப் பரிசோதனையாம். வழக்கமாக ஓடுகிற குதிரை வண்டிகள் ஒன்றைக்கூடக் காணோம். மரத்தடியில் ஒரே ஒரு வண்டி நின்றது. எலிகியோ மெதுவாக சொரைதாவின் பக்கம் நகர்ந்தார்.

"இன்னும் வரலையே அக்கா?"

"வரும், வரும். வராம எங்கே போயிடும்? ஆனா நேரத்துக்கு மட்டும் வராதாம். முதல்லயே சொல்லித்தான் அனுப்பினாங்க."

"நேரத்துக்கா? சரித்திரமே கிடையாது!" எலிகியோவுக்கு வாய் ஊறிவிட்டது. மலைக்காரர் எவரும் போக்குவரத்தைத் திட்டுகிற வாய்ப்பை விட மாட்டார். "நானும் எத்தனை வருஷமா பாக்கிறேன்!"

"அட, உங்களுக்குத் தெரியுமா?" என்று அரிஸ்டிடெஸ் ஆர்வமாகத் திரும்பினார்.

"தெரியாமலா? பழசுங்க, அதான். உள்ளே எல்லாம் கழண்டு போயிருக்கும். ரெண்டு பேர் பின்னாடி நின்னு தள்ளினாத்தான் நகரும்."

சொரைதா உருளைகள் குலுங்கச் சிரித்தார். அரிஸ்டிடெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போன தடவை ராத்திரி வரைக்கும் பாத்தோம்ணே. சோறு ஆறிப்போச்சு. கடைசியில எல்லாரும் கிளம்பிட்டோம்."

"நல்லவேளை கிளம்பினீங்க. நம்பி நின்னீங்கன்னா உங்க கதி அதோகதிதான். வெட்கம் மானம் எதுவும் கிடையாது அதுக்கெல்லாம்."

"பாவம், அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றார் சொரைதா. "வயசாயிடுச்சில்ல?"

"வயசானா வீட்டோட கெடக்கணும். எதுக்கு ரோட்டுக்கு வரணும்கிறேன்?"

இப்படிப் பேசிச் சிரித்ததில் எலிகியோவுக்கு அவர்களை ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு கோப்பைக் காபியும் கிடைத்தது. அந்த அரை மணி நேரம்தான் அன்றைக்கு அவர் நிம்மதியாக இருந்த நேரம்.

பன்னிரண்டு மணிக்கு மலையிலிருந்து இரண்டாவது லாரி வந்தது. சொரைதா கூட்டம் மொத்தமும் அதை நோக்கி ஓடியது. இறங்குகிறவர்களை எட்டி எட்டிப் பார்த்தது. தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தது. லாரியில் ஏதோ பார்சல் வர வேண்டும் போலிருக்கிறது என்று எலிகியோ நினைத்துக்கொண்டார்.

பிறகு, ஒருவழியாக, நகரப் பேருந்து வந்தது. மலைச் சாலைச் சந்திப்பிலிருந்து ஊருக்குள்ளே போகிற பேருந்து. பாதி இருக்கை காலி! எலிகியோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மணி ஒன்றுகூட ஆகவில்லை. ஒஸ்மானிக்கும் முன்னாடி போய் வாசலில் நிற்கப் போகிறார்!

அரிஸ்டிடெஸ் பேருந்தின் பக்கம் போனார். ஏறவில்லை. ஒவ்வொரு ஜன்னலாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே பின்கோடி வரைக்கும் நடந்தார். கையை விரித்தார்.

"இதுலயும் இல்லை!"

சொரைதா கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. எலிகியோவும் அசையவில்லை. முன்னால் இருக்கிறவர்கள் ஏறாமல் நாம் எப்படி ஏறுவது? அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றார்கள். "ஏறுறவங்க ஏறுங்கப்பா!" என்று ஓட்டுநர் ஒருமுறை கத்தினார். உலகத்தில் எதைப் பார்த்தும் வியக்காத முகம் அவருக்கு. தோளைக் குலுக்கிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

"யோவ்!" நெரெய்தாவின் குரல் பின்னாலிருந்து பாய்ந்தது. "ஏன் ஏறலை நீங்க?"

"எனக்கு முன்னாடி ஆள் இருக்கும்மா!"

"அவங்க ஏன் ஏறலை?"

"இதுல இல்லையாம்."

"எது இல்லையாம்?"

எலிகியோ விழித்தார். அவருக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? நெரெய்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். பாதி காலியாக வந்த பஸ்ஸை விட்டுவிட்டு வாசனைத் தண்ணீர் போட்ட பத்துப் பேர் நிற்கிறார்கள் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது.

"புரிஞ்சு போச்சு" என்று திரும்பி, வகுப்புக்குச் சொல்வதுபோல் வரிசைக்குச் சொன்னார். "இதைவிட நல்லதா ஒண்ணு பின்னாடி வருது. அவங்களுக்கு உள்தகவல் தெரிஞ்சிருக்கு. ஒருத்தரும் நகரக்கூடாது!"

அவ்வளவுதான். புது பஸ் வருகிறது என்றார்கள். ஏசி பஸ் என்றார்கள். பஸ்ஸே இல்லை, கோழிக்கறி லாரி என்று ஒருவர் அடித்துச் சொன்னார். கடலைப் பொட்டலக்காரர் கூடையோடு வந்து சேர்ந்தார். வரிசை நிழற்கூரையைத் தாண்டி, மரத்தடியைத் தாண்டி, பக்கத்துத் தெரு முனை வரைக்கும் வளர்ந்தது. எலிகியோ கணக்குப் போட்டுப் பார்த்தார். நடந்திருந்தால் இந்நேரம் இரண்டு முறை போய்விட்டு வந்திருக்கலாம். ஆனால் இத்தனை நேரம் நின்ற வரிசையை விட்டுவிட்டு நடப்பதா? நடக்க ஆரம்பித்ததும் பின்னாலேயே அந்த ஏசி பஸ் வந்தால்?

முதலில் மரத்தடி வண்டிக்காரரிடம் போனார். குதிரையின் பிடரியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"தம்பி, கல்யாண மாளிகைப் பக்கம் போகணும். எவ்வளவு கேட்டாலும் தர்றேன்."

"வண்டி பேசியாச்சு பெரியவரே."

"யாரு பேசினது? ஆளையே காணோமே!"

"ஆளு வந்தாத்தான் வண்டி கிளம்பும். காலையிலேர்ந்து நானும் அதுக்காகத்தான் காஞ்சுக்கிட்டிருக்கேன்."

"இப்படி ஊரைக் காக்க வைக்கிற ஆளு உருப்படுவானா?" என்று வயிற்றெரிச்சலோடு சபித்துவிட்டுத் திரும்பினார் எலிகியோ. வண்டிக்காரரும் ஆமோதித்துத் தலையாட்டினார்.

அடுத்தது நைசாக நழுவிப் பார்த்தார். பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து அவர் தோள் பையை ஒரு கை பிடித்து இழுத்தது.

"எங்கே கிளம்பிட்டீங்க?" நெரெய்தா.

"சும்மா... காலாற..."

"நீங்க போயிட்டா நான் யாருக்கு அடுத்த ஆளு? எனக்கு அடுத்தவர் யாருக்கு அடுத்தவர்? அந்தக் கோடி வரைக்கும் இத்தனை ஜனமும் உங்க மூஞ்சியை நம்பித்தான் நிக்குது!"

எலிகியோ திரும்பிப் பார்த்தார். தெருமுனை வரை அத்தனை முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் அவரை நம்பி யாருமே இருந்ததில்லை. இன்றைக்குப் பார்த்தா இத்தனை பேர் நம்ப வேண்டும்?

மணி மூன்று. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் கல்யாணம் என்று சொல்லி விட்டுவிடச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் வரிசையில் முந்துவதற்கு எவரும் சொல்கிற முதல் பொய்யே கல்யாணம்தான்; மலையில் அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நம்புகிற மாதிரி வேறு ஏதாவது வேண்டும். பதற்றத்தில் வாய்க்கு வந்தது வெளியே விழுந்தது.

"என்னை விடுங்கம்மா! ஆஸ்பத்திரிக்குப் போகணும். என் சம்சாரத்துக்குப் பிரசவம்!"

நெரெய்தா அவரை மறுபடி மேலிருந்து கீழ் வரை அளந்தார்.

"உங்க வயசு என்ன?" என்று கேட்டார் நெரெய்தா.

"அறுபத்தி... ரெண்டு."

வரிசை முழுக்கக் கைதட்டியது. அரிஸ்டிடெஸ் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். "மலைக் காத்துன்னா சும்மாவா!" சொரைதா அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். கடலைக்காரர் ஒரு பொட்டலத்தைச் சட்டைப் பையில் செருகி, "பிள்ளைத்தாச்சிக்கு" என்றார். யாரோ தண்ணீர் தெளித்தார்கள், யாரோ பெஞ்சில் படுக்க வைத்தார்கள், நெரெய்தா அட்டையால் விசிறினார்.

"முதல் பிரசவமா?"

"ஆ... ஆமா."

"அப்ப ராத்திரி வரைக்கும் ஆகும். நிதானமா போகலாம். நான் அஞ்சு பெத்தவ, எனக்குத் தெரியாதா? படுங்க பேசாம!"

படுத்தபடியே எலிகியோ வானத்தைப் பார்த்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? லியுட்மிலா இந்நேரம் வெள்ளை உடுப்பு உடுத்தியிருப்பாள். 'வரமாட்டார், விடு' என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள். ஒஸ்மானி காரைத் துடைத்து நிறுத்தியிருப்பார்.

மூன்றரைக்கு அரிஸ்டிடெஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் கூட்டத்திடம் ஏதோ கிசுகிசுத்தார். சொரைதா தலையை ஆட்டிக்கொண்டே உருளைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். நெரெய்தாவின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. அந்த ஒரு நொடி போதும். எலிகியோ எழுந்தார், பையைப் பிடுங்கினார், ஓடினார்.

"புடிங்க! கடைசி ஆளு ஓடுறாரு!" என்ற கூச்சல் முதுகில் விழுந்தது.

முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. எலிகியோ பாய்ந்து ஏறினார். "கல்யாண மாளிகை! சீக்கிரம்!"

"ஏறிக்கங்க தலைவரே. ஏறினா சீக்கிரம்தான்."

ரிக்‌ஷாக்காரன் பேச்சு மட்டும் வேகம். அக்கா வீட்டு வாசலில் நிறுத்தித் தண்ணீர் குடித்தான். எதிரே வந்த நண்பனிடம் நேற்றைய பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி நின்று விவாதித்தான். பாலத்து ஏற்றத்தில் சங்கிலி கழன்றது.

"இறங்கிக் கொஞ்சம் தள்ளுங்க தலைவரே. பழசு, அதான்."

எலிகியோ கோட்டை மாட்டிக்கொண்டு தள்ளினார். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்ற கோட்டு. புது ஷூ இரண்டு குதிகாலையும் கடித்துக் குதறியது. ஏற்றத்தின் பாதியில் பின்னால் குளம்புச் சத்தம். திரும்பிப் பார்த்தார். சிவப்பு ரிப்பன் குதிரை! வண்டி நிறைய சொரைதாவும் அரிஸ்டிடெஸும் மற்ற இஸ்திரிச் சட்டைகளும்!

துரத்துகிறார்கள். பொய் சொன்னது தெரிந்துவிட்டது. எலிகியோ சட்டென்று குனிந்து ரிக்‌ஷாவுக்குப் பின்னால் பதுங்கினார்.

"அட, கடைசி ஆளு!" சொரைதாவின் குரல் தலைக்கு மேலே கடந்து போனது. "ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்ணே! இங்கே எங்கே போறீங்க?"

வண்டி போய்விட்டது. எலிகியோ ரிக்‌ஷாவையும் விட்டுவிட்டார். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தின் மேல் ஓடினார். மூச்சு வாங்கியது. அவருக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் துணைக்கு அழைத்தார்; தெரியாத ஒன்றிரண்டு பேரையும் அழைத்தார்.

கல்யாண மாளிகை இருக்கும் சதுக்கத்துக்குள் அவர் நுழைந்தபோது வாசலில் முதலில் கண்ணில் பட்டது சிவப்பு ரிப்பன். அந்த வண்டி மாளிகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது! இங்கேயும் வந்து மறித்துவிட்டார்களா? மகள் கல்யாணத்தில், எல்லார் முன்னாலும், வரிசையை ஏமாற்றிய பொய்யன் என்று பிடித்து நிறுத்தப் போகிறார்களா?

அவர் சுவரோரமாகவே நகர்ந்தார். படிக்கட்டில் லியுட்மிலா நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை உடுப்பில் அவளைப் பார்த்ததும் எலிகியோ கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். அவள் சதுக்கத்தின் நாலு மூலையையும் ஒருமுறை பார்த்தாள். பார்வை எலிகியோவின் மேலும் விழுந்தது. நிற்காமல் தாண்டிப் போனது. பக்கத்தில் ஒஸ்மானி. தேவாலயக் கோபுரத்தில் நாலு மணி அடிக்க ஆரம்பித்தது. ஒஸ்மானி தயங்கித் தயங்கித் தன் கையை நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடிப்பதற்காகக் கையைத் தூக்கினாள்.

"லியுட்மிலா!"

சதுக்கத்துப் புறாக்களெல்லாம் பறந்தன. கையில் ஷூவும், கிழிந்த காலுறையும், சட்டைப் பையில் கடலைப் பொட்டலமுமாக ஓடி வருகிற மனிதரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லியுட்மிலாவுக்கும் ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

"அப்பா?" என்றாள். "அப்பா! ஐயோ, வந்துட்டியா! மீசை எங்கேப்பா? தொப்பி எங்கே?"

"அதெல்லாம் போகட்டும்மா. மணி பாத்தியா? நாலு! நாலு மணிக்கு வாசல்ல நிக்கிறேன் பாரு!"

அவள் உடுப்பு கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒஸ்மானி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி இரண்டு படி கீழே இறங்கி நின்றார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

அப்போதுதான் மகளின் தோளுக்கு மேலே எலிகியோ பார்த்தார். சுருள் சுருளாகப் பளபளத்த முடியோடு ஒரு பெண்மணி படியில் வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே நீலச் சட்டை. எலிகியோ சட்டென்று மகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

"அம்மாடி, காப்பாத்து! பஸ் வரிசையிலேர்ந்து என்னைத் துரத்திக்கிட்டே வந்துட்டாங்க. நான் ஒண்ணும் பண்ணலை. ஒரு சின்னப் பொய் சொன்னேன், அவ்வளவுதான்!"

"யாரைப்பா சொல்றே? இவங்க மாப்பிள்ளையோட அத்தை. அவர் சித்தப்பா. நீ திட்டுவேன்னு உன்கிட்ட சொல்லாம, பெரிய மீசையும் பனையோலைத் தொப்பியுமா ஒருத்தர் வருவார்னு அடையாளம் சொல்லி, உன்னைக் கூட்டிட்டு வர நான்தான் அனுப்பினேன்..."

சொரைதா நடுப்படியில் அப்படியே நின்றுவிட்டார். எலிகியோவின் மொட்டை மேலுதட்டைப் பார்த்தார். கடலைப் பொட்டலத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அடி லியுட்மிலா, இவரா உங்கப்பா? காலையிலேர்ந்து எங்களோட சேர்ந்து நின்னு, வாய்க்கு வந்தபடி தன்னையே திட்டிக்கிட்டு, இவரும் இவருக்காகத்தான் வரிசையில காத்துக்கிட்டிருந்தாரு!"